மூண்டு கிலோ மொட்டைக்கறுப்பன்

வார்ட்டில கட்டில் கிடைச்சிட்டுது எண்டு
பின்னேரம் நாலு மணிக்கு வினோஜா சொன்னாள்.
"நீங்கள் இனி இங்க நிண்டு என்ன செய்யப் போறியள்,
வீட்டைப் போய்ப் பாருங்கோ."
வீடு என்ன, எழும்பி ஓடியா போகும்?
ஆனாலும் போனன்.

அரியாலையில இது எங்களுக்கு மூண்டாவது வாடகை.
கார்த்திகை மழை வளவு முழுக்க இறங்கி நிண்டது.
சிரட்டை, உடைஞ்ச தயிர்ச்சட்டி, யோகட் கோப்பை,
மதிலுக்குப் பின்னால ஆரோ விட்ட டயர் ஒண்டு
எல்லாத்தையும் கவிழ்த்தன்.
டயருக்குள்ள நுளம்புக் குஞ்சுகள் நெளிஞ்சுது.
போன கிழமை டெங்கு பாக்க வந்தவர்
கோட்டுக்கு ஏத்துவன் எண்டு வெருட்டினவர்.
அப்ப எனக்குச் சிரிப்பு.
இப்ப டோர்ச் அடிச்சுப்
பூச்சாடித் தட்டையும் தடவிப் பாக்கிறன்.

பிறக்க முன்னம் ஒண்டும் வாங்கப்படாது.
மாமியின்ர கட்டளை, வவுனியாவில இருந்து, போனில.
தொட்டில் வேண்டாம், சட்டை வேண்டாம்,
ஒரு சவர்க்காரம் கூட.
கிளினிக்கில தந்த துண்டிலையோ பதினாலு சாமான்.
ரெண்டுக்கும் நடுவில ஒரு வழி கண்டம்:
வாங்கேல்லை, இரவல்.
ஜெசிந்தா அக்கா தன்ர மகளின்ர
குட்டி மேசும் தொப்பியும் தந்தவ.
என்ர பழைய வேட்டியள் அவிச்சு, தோய்ச்சு,
சதுரஞ் சதுரமாக் கிழிச்சாச்சு.
நல்லூர்த் தேருக்குக் கட்டுற வேட்டியிலதான்
கை தயங்கினது.
அதுதான் மெத்தெண்டு கிடந்தது.
கிழிச்சன்.

கதவுப் பிணைச்சலுக்குத் தேங்காயெண்ணெய்.
கறள் பிடிச்ச கேற் இரவில குழறும்,
அதுக்கு கிறீஸ்.
பல்லியோட ஒரு ஒப்பந்தம்:
எட்டு மணிக்குப் பிறகு சொல்லக் கூடாது.

பிறகு ஏணை.
முன்னறை வளையில ஒரு கொளுக்கி,
அதுக்கு மேல நாலைஞ்சு பூச்சுப் பெயின்ற்.
கத்தியால சுரண்டினன்.
பச்சை, பிறகு நீலம், பிறகு ஒரு மங்கல் வெள்ளை,
கடைசியில இரும்பு.
ஸ்காபரோவுக்கு எடுத்தன்:
"அண்ணை, முன்னறைக் கொளுக்கி பாரந் தாங்குமோ?"
வீட்டுக்காரருக்கு அங்க காலமை,
கோப்பி உறிஞ்சுற சத்தம்.
"எங்கள் அஞ்சு பேரைத் தாங்கின கொளுக்கி தம்பி அது."
பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் இல்லை.
அவற்ர வாட்ஸ்அப் படத்தில
நாலு சகோதரங்கள்தான் நிக்கினம்.
நான் கேக்கேல்லை.
பிந்தின வாடகையை அவரும் கேக்கேல்லை.

கொளுக்கியை நம்பலாம்.
என்ர முடிச்சை?
வினோஜாவின்ர நூல்சேலையைக் கட்டி
மொட்டைக்கறுப்பன் பச்சையரிசி மூண்டு கிலோ
பையோட உள்ள வைச்சன்.
தாங்கினது.
அதோட விட்டிருக்கலாம்.
ஆட்டினால் சுவரில முட்டுமோ எண்டு பாக்க
ஒருக்காத் தள்ளினன்.
பிறகும் ஒருக்கா.
மழை திரும்பத் தொடங்கினது. கரண்ட் போனது.
இருட்டுக்குள்ள சேலை விளிம்பைப் பிடிச்சபடி
அரிசிக்கு நான் "ஓ... ஓ..." எண்டுகொண்டிருந்ததைக்
கேட்டது பல்லி மட்டுந்தான்.
ஒப்பந்தத்தை மீறி ஒருக்காச் சொன்னது.

விடியப்புறம் ரெண்டே முக்காலுக்கு போன்.
வினோஜா இல்லை, பக்கத்துக் கட்டில்காரி.
"பெம்பிளைப் பிள்ளை.
ரெண்டு கிலோ அறுநூற்றைம்பது.
ரெண்டு பேரும் சுகம்."
என்ன கேக்கிறதெண்டு தெரியேல்லை.
சரி, சரி, சரி எண்டன்.

விளக்கோட அறைக்குப் போய்ப்
பையை அவிட்டு,
முந்நூற்றைம்பது கிராம், குத்துமதிப்பா
ரெண்டு சுண்டுக்குக் கொஞ்சம் குறைய,
அரிசி அள்ளி எடுத்தன்.
ஏணை ஒரு விரற்கடை மேல வந்தது.

எடுத்ததைக் கழுவி உலையில போட்டன்.
பாக்க விடுற நேரத்துக்குக்
கஞ்சி சூடாப் போகோணும்.

வெளிக்கிடேக்க
கேற் ஒரு சத்தமும் போடேல்லை.